கையில் ஊசியோடு பஸ் ஏறியவர்

“ஹலோ... ஹலோ, மச்சான்? எங்க இருக்கீங்க?... கீழயா? கீழன்னா எங்க?... ஓ, காத்தாட நிக்கிறீங்களா. சரி, சரி. ஆமா, மேல புழுக்கமாத்தான் இருக்கு. நில்லுங்க, நல்லா நில்லுங்க... அது என்ன விசில் சத்தம்?... வாட்ச்மேனா? வாட்ச்மேன் எதுக்கு மச்சான் ‘பள்ளியக்ரகாரம் எறங்குறவங்க முன்னால வாங்க’ங்குறாரு?”

மறுமுனையில் இன்ஜின் உறுமுகிற சத்தம் மட்டும் வந்தது.

ஹமீதா பானு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவின் ஜன்னலோரம் நகர்ந்தாள். கீழே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் காலை நெரிசல் ஆரம்பித்திருந்தது. அவள் கணவர் மீரா உசேன் பாபநாசத்தில் சாக்கு, தார்ப்பாய்க் கடை வைத்திருப்பவர். கட்டு தூக்கித் தூக்கி அவருக்கு அடிவயிற்றில் குடல் இறங்கிவிட்டது. வருஷக்கணக்காக அதைக் கையாலேயே உள்ளே தள்ளிவிட்டுக் காலத்தை ஓட்டினார். போன வாரம் தள்ளியும் போகவில்லை. இங்கே தூக்கிக்கொண்டு வந்த பிறகு, டாக்டர் படுக்கவைத்து அழுத்தி எப்படியோ உள்ளே அனுப்பினார். இன்னொரு தடவை மாட்டிக்கொண்டால் குடல் அழுகிப்போகும், இனித் தள்ளிப்போடவே கூடாது என்று சொல்லி, இன்றைக்கு முதல் ஆபரேஷனாக அவர் பெயரைப் போட்டிருந்தார். சக்கர நாற்காலியோடு ஆயாம்மா வந்து போர்வையை விலக்கியபோதுதான், கட்டிலில் படுத்திருந்தது இரண்டு தலையணைகள் என்று தெரிந்தது.

“பஸ்ஸுல இருக்கீங்க. அப்படித்தானே?... இல்ல, கோவிக்கலை. நான் எதுக்குக் கோவிக்கிறேன்? எனக்கு ஒரே பெருமையா இருக்கு... ஆமாங்க, பெருமைதான். தலையணைக்குப் போர்வை போத்திவிட்டிருக்கீங்களே, என்னா நேர்த்தி! கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து ஒரு தடவை போர்வையை மடிச்சு வெச்சிருப்பீங்களா?... நான் தொழுதுட்டு வந்து, பாவம், அசந்து தூங்குறாங்கன்னு பக்கத்துல உக்காந்து ஓதிக்கிட்டு இருந்தேன் மச்சான். தலையணைக்கு ஓதியிருக்கேன். ஊதி வேற விட்டேன்... சிரிக்காதீங்க. சிரிச்சா வயிறு குலுங்கும், குடல் எறங்கிடும்.”

அவளுக்கே சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டாள்.

“கும்பகோணம் பஸ்தானே?... வீட்டுக்கா? வீட்டுச் சாவி என் இடுப்புல இருக்கு மச்சான், வீட்டுக்குப் போயி என்ன செய்வீங்க?... என்ன போட்டிருக்கீங்க?... ஆஸ்பத்திரி அங்கிக்கு மேல சட்டையா? அதுக்குக் கீழ கைலி. நல்லா இருக்கும். கையில ஊசி?... குளுக்கோஸ் ஏத்தறதுக்குக் கையில குத்தி பிளாஸ்திரி போட்டு விட்டாங்களே, அது... அதோடயா பஸ் ஏறினீங்க?... கர்ச்சீப் சுத்தி மறைச்சு வெச்சிருக்கீங்களா. யா அல்லா. பக்கத்துல யாரு உக்காந்திருக்கா?... ஒரு அம்மாவா. என்ன கேட்டாங்க?... எந்த ஆஸ்பத்திரியிலேருந்து தப்பிச்சு வர்றீங்கன்னா கேட்டாங்க? ரொம்ப நல்லவங்களா இருக்காங்களே. போனை அவங்ககிட்ட குடுங்க... ஏன், குடுங்களேன்... சரி, வேணாம் வேணாம். அந்தக் கையை மட்டும் எதுலயும் இடிச்சுக்காதீங்க, ரத்தம் வந்துடப்போவுது.”

வார்டிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். ஹமீதா அவளிடம் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னாள்.

“சரி, காரணத்தைச் சொல்லுங்க. கேக்குறேன்... மழையா?... ஆமா, வானம் கறுத்துத்தான் கெடக்கு... ஆமா ஆமா, குறுவை நெல்லு ரோட்டுலதான் காயுது... ஆமா, தார்ப்பாய்க்கு ஆளு ஓடி வருவாங்க. கடையில சேக் தாவூது இருக்காருல்ல?... அவருக்கு என்ன தெரியாது?... தார்ப்பாய் மடிக்கத் தெரியாதா? ஏன் மச்சான், அவரு உங்ககிட்ட வேலைக்கு வந்தப்ப நம்ம ஃபாஜில் பொறக்கவே இல்ல. இன்னைக்கு அவன் சவூதி தம்மாம்ல புள்ளை பெத்து பேரும் வெச்சுட்டான். இவருக்கு இன்னும் தார்ப்பாய் மடிக்கத் தெரியாதாக்கும்!... ம். அடுத்த காரணம்?... அவ்வளவுதானா? மழையை மட்டும் நம்பியா பஸ் ஏறினீங்க?”

“உங்களைக் கெடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில் ரெத்தினம் அண்ணன்... நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? நேத்து சாயங்காலம் ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருந்தீங்களே... முதுகுல ஊசி போட்டா கால் வராதுன்னாரா?... அவருக்கும் முதுகுலதான் போட்டாங்க. இப்ப அந்தக் காலாலயே கேன்டீனுக்கு எறங்கிப் போயி எனக்கும் சேத்து டீ வாங்கிட்டு வந்திருக்காரு. கால் வராத மனுஷன் எப்படி மாடி ஏறினாரு?... இதோ, வாசல்லதான் நிக்கிறாரு. உங்களைக் காணோம்னதும் அவரு மூஞ்சி இத்தனூண்டா போச்சு... ஆமாங்கண்ணே, உங்களைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். டீயை அங்க வைங்க.”

அப்போதுதான் மயக்க மருந்து டாக்டர் எழில்மொழி படியேறி வந்தாள். தலையில் தியேட்டர் தொப்பி அப்படியே இருந்தது. நோயாளி ஓடிவிட்டார் என்று யாரோ கீழே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. ஹமீதா பதறிப் போனை இறக்கப் போக, பேசுங்கள் என்று கையால் சைகை காட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். நின்றபடியே, அவர் காலையில் ஏதாவது சாப்பிட்டாரா என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

“மச்சான், டாக்டரம்மா வந்திருக்காங்க... மயக்க ஊசி போடறவங்க. நேத்து வந்து உங்களை வாயைத் தொறக்கச் சொல்லி, பல்லு ஏதும் ஆடுதான்னு பார்த்தாங்களே... ஆமா, அவங்கதான்... இல்ல, போலீஸைக் கூட்டிட்டு வரலை. தனியாத்தான் நிக்கிறாங்க. ஏதாவது சாப்பிட்டீங்களான்னு கேக்குறாங்க... இல்லையா? ஒண்ணுமே?... பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ கூடவா?... ம். சரி. இல்லையாம் மேடம்.”

அந்த ‘இல்லை’ கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது என்று ஹமீதாவுக்குப் பட்டது. ஆனால் இப்போது அதை நோண்டிக்கொண்டிருக்க நேரமில்லை. ஓடுகிற பஸ்ஸை முதலில் நிறுத்தவேண்டும்.

“நீங்களா மச்சான் ஊசிக்குப் பயப்படறீங்க? சொன்னா யாராவது நம்புவாங்களா? இப்பத்தான் ரெத்தினம் அண்ணன்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். நேத்து நர்ஸம்மாகிட்டயும் சொன்னேன், உங்க காதுல விழுந்திருக்குமே. தகரம் வெட்டி கால்ல தையல் போட்டப்ப மூச்சுக் காட்டாத ஆளு எங்க மச்சான்னு... ஹலோ?... மச்சான்?... ஹலோ, லைன் இருக்கா?”

லைன் இருந்தது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

கல்யாணமான புதிதில் நடந்தது அது. கடைக்கூரையிலிருந்து தகரம் சரிந்து மீரா உசேனின் பாதத்தைக் கிழித்துவிட்டது. அவர் துணியைச் சுற்றிக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்தார். கால் வீங்கி, நடக்க முடியாமல் போன பிறகுதான் எங்கேயோ ஒரு சின்ன கிளினிக்கில் கீறிச் சுத்தம் செய்து தைத்தார்கள். ஹமீதா அப்போது நாகப்பட்டினத்தில் தாய்வீட்டில் இருந்தாள். அவள் திரும்பி வந்தபோது, சத்தமே போடாமல் தைத்துக்கொண்ட மனிதர் என்று கடைத்தெருவே அவரைப் பற்றிப் பேசியது. அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவள் இந்தக் கதையைச் சொல்லாமல் வந்ததில்லை.

“சொல்லுங்க... ம்... ம்... ஊசி போட்டாங்கதானே?... போட்டும்?... நீங்க சொன்னீங்களா, வலிக்குதுன்னு?... அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?... ஊசி போட்டாச்சு, வலிக்காதுன்னா?... ம்... எத்தனை பேரு புடிச்சிக்கிட்டாங்க?... கையையும் காலையும்... ம்... துண்டையா?... வாயிலயா மச்சான்?”

ஹமீதா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முக்காடு தோளில் சரிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

“அப்ப சத்தமே போடலைன்னு ஊரு சொன்னது... ம். சத்தம் வெளிய வரவிடலை... இல்ல, அழலை. சளி புடிச்சிருக்கு. நீங்க சொல்லுங்க... ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?... நான்தான் சொல்லவிடலையா?... எப்படி?... வந்து எறங்கினதுமே நான் பெருமை பேச ஆரம்பிச்சுட்டேனா... ம். செஞ்சிருப்பேன். என் வாயி அப்படி... நேத்தும் நான் நர்ஸம்மாகிட்ட அதையே சொன்னதும் உங்களால வாயைத் தொறக்க முடியலையா. அதான் பஸ் ஏறிட்டீங்க... ம். புரியுது. புரியுது மச்சான். இருங்க, லைன்லயே இருங்க. வெச்சிடாதீங்க.”

அவள் போனை மார்போடு அணைத்துக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“மேடம், இவங்களுக்கு முன்னாடி ஒரு தடவை ஊசி போட்டும் மரத்துப்போகலையாம். கால்ல. வலிக்குது வலிக்குதுன்னு சொல்லியும் யாரும் கேக்கலையாம். புடிச்சு அமுக்கிக்கிட்டுத் தச்சிருக்காங்க. இவங்க ஒடம்புக்கு மருந்தே புடிக்காது, இப்பவும் அப்படித்தான் ஆகும்னு நெனைச்சுக்கிட்டு ஓடியிருக்காங்க... இருங்க, கேக்குறேன். மச்சான், அன்னைக்கு அந்தக் காயத்துல சீழ் கோத்திருந்துச்சா?... சிவந்து, சூடா இருந்துச்சா?... ஆமாம் மேடம். தொட்டாலே உயிர் போச்சாம்.”

எழில்மொழி சுவரை விட்டு நிமிர்ந்தாள். பெஞ்சில் ஹமீதாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவசரப்படாமல் விளக்கிச் சொன்னாள். ஹமீதா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ஒரு இடத்தில் மறுபடி சொல்லச் சொல்லியும் கேட்டுக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள்.

“மச்சான், நல்லாக் கேளுங்க. சீழ் புடிச்சு வீங்கியிருக்கிற எடத்துல ஊசி போட்டா, அந்த மருந்து சரியா வேலை செய்யாதாம்... ஆமா. மருந்தோட கொணமே அப்படித்தானாம். உங்க ஒடம்புல ஒரு கோளாறும் இல்ல. நீங்க அன்னைக்குச் சொன்னது நெசம்தானாம்... நான் சொல்லலை, டாக்டரம்மா சொல்றாங்க. கண்டிப்பா வலிச்சிருக்கும்ங்கறாங்க. யாரா இருந்தாலும் கத்தியிருப்பாங்களாம்... ஹலோ?... ம்... சரி, மூக்கைச் சிந்துங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

ரெத்தினம் கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

“பக்கத்துல இருக்கிற அம்மா தண்ணி பாட்டில் குடுத்தாங்களா? வாய் கொப்பளிச்சுக்குங்க, குடிக்க வேணாம்... சரி, இப்ப இதைக் கேளுங்க. முதுகுல போடறது வேற ஊசியாம். அது நரம்புக்கே போயிடும், இடுப்புக்குக் கீழ மொத்தமும் மரத்துடும். குத்தற எடத்துல வலிக்காம இருக்க, மொதல்ல தோலுக்கு ஒரு சின்ன ஊசி... ஆமா, ஊசிக்கு ஒரு ஊசி. சிரிங்க, சிரிங்க. பொறவு பஞ்சை சில்லுன்னு வெச்சு எதுவரைக்கும் தெரியுதுன்னு கேப்பாங்களாம். கிள்ளிப் பார்ப்பாங்களாம்... கிள்ளறதுக்கு வேணா என்னைக் கூப்பிடச் சொல்லுங்க, எனக்கு ரொம்ப நாளா ஆசை... நீங்க வலி தெரியலைன்னு சொன்னாத்தான் பெரிய டாக்டரைக் கத்தியைத் தொட விடுவாங்களாம்... ஆமா, இவங்க சொன்னாத்தான் அவரு தொடலாம். சின்னப் புள்ளை மாதிரி இருக்காங்க, அங்க அதிகாரம் இவங்களுதுதான் போல.”

எழில்மொழி சிரித்தாள்.

“நடுவுலயா? நடுவுல வலிச்சா?... மேடம், நடுவுல வலிச்சா என்ன செய்வீங்க?... இழுக்கற மாதிரி, அமுக்கற மாதிரி தெரியுமாம், அது பரவாயில்லையாம். வலின்னு ஒண்ணு தெரிஞ்சா அந்த நிமிஷமே சொல்லணுமாம். சொன்னா நிறுத்திட்டு மருந்தைக் கூட்டுவாங்க. அப்படியும் கேக்கலைன்னா முழு மயக்கம் குடுத்துத் தூங்கவெச்சுடுவாங்களாம்... எழுப்புவாங்களான்னா? எழுப்பாம உங்களை வெச்சுக்கிட்டு அவங்க என்ன செய்யறது? எனக்கே இன்னும் தெரியலை உங்களை வெச்சு என்ன செய்யறதுன்னு... உங்க தலைமாட்டை விட்டு அவங்க நகரவே மாட்டாங்களாம் மச்சான். முடியற வரைக்கும். அது அவங்க வேலையாம்.”

“முடிஞ்ச பொறவா?... மரமரப்பு வெலகறதுக்கு முன்னாடியே வலி மருந்தை ஏத்திடுவாங்களாம். நீங்க கத்தற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. நர்ஸம்மா அப்பப்ப வந்து வலி பத்துக்கு எத்தனைன்னு கேப்பாங்க... மார்க்குதான், ஆமா. நீங்கதான் போடணும்... எட்டுன்னா எட்டு. குறைச்சுச் சொல்லக் கூடாது. இது சாக்கு வியாபாரம் இல்ல... ரெண்டுன்னு சொல்லிட்டுப் பல்லைக் கடிச்சிக்கிட்டுப் படுத்திருந்தா, மூச்சை இழுத்து விட முடியாது, இரும முடியாது, எந்திரிச்சு நடக்க முடியாது. நெஞ்சுல சளி கட்டிக்கும்ங்கறாங்க. வலியை மறைக்கறவங்களாலதான் இவங்களுக்குத் தொல்லையாம். உங்களை மாதிரி ஆளுங்களாலதான்.”

மறுமுனையில் ஏதோ நீளமாகச் சொல்லப்பட்டது. ஹமீதா புருவத்தை உயர்த்தினாள்.

“நிபந்தனையா? போடுங்க, போடுங்க... நான் இனிமே அந்தக் கால் கதையை யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சரி... ஏற்கெனவே சொன்னவங்ககிட்டயா? அத்தனை பேருகிட்டயும் போயி எப்படி மச்சான் திருப்பிச் சொல்றது, பாதிப்பேரு இப்ப சிங்கப்பூர்ல இருக்காங்க... வார்டுல மட்டுமா? இப்பவேவா?... சரி. போனைப் புடிக்கிறேன், உங்க காதாலயே கேளுங்க.”

அவள் எழுந்து வார்டு வாசலுக்குப் போனாள். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. ஆயாம்மா, நீங்களும்தான். எங்க மச்சான் தைரியசாலின்னு நேத்து நான் சொன்னேன்ல? அது தப்பு. அவங்களுக்கு ஊசின்னா பயம். வலின்னாலும் பயம். அவங்க வந்து வலிக்குதுன்னு சொன்னா வலிக்குதுன்னு அர்த்தம். நர்ஸம்மா, உங்களுக்கும்தான்... கேட்டுச்சா மச்சான்? ரெத்தினம் அண்ணன் தனக்கும் பயமாத்தான் இருந்துச்சுன்னு கையைத் தூக்குறாரு. அந்தப் பயத்துலதான் உங்களையும் பயமுறுத்தினாராம். போதுமா?... ‘இவ்வளவு சத்தமா சொல்லியிருக்க வேணாம்’ங்கறீங்களா! சரியாப் போச்சு.”

ஆயாம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹமீதா ஜன்னலோரம் திரும்பி வந்தாள்.

“இப்ப பஸ் எங்க போவுது?... மானாங்கோரை தாண்டியாச்சா. அடுத்து பசுபதிகோவில் நிறுத்தம் வரும். எறங்கிடுங்க... எறங்குவீங்கதானே?... யோசிக்கறீங்களா... சரி. யோசிங்க.”

கேலி செய்ய அவளுக்கு இப்போது ஒன்றும் வரவில்லை. மகனுக்குப் போன் போடுவேன் என்று மிரட்டலாம். அழுது காட்டலாம். இரண்டும் வேண்டாமென்று இருந்தது. போன வாரம் கடையில் சாக்குக் கட்டுகளின் மேல் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடந்தவரின் முகம் கண் முன்னால் வந்தது. அன்றைக்கு அவரும் சத்தம் போடவில்லை. வேர்வையில் நனைந்து, சாம்பல் பூத்தாற்போலக் கிடந்தார்.

“மச்சான்... ஒண்ணு சொல்றேன். போன வாரம் கடையில நீங்க கெடந்தீங்கல்ல. அந்த மூஞ்சியை நான் பார்த்துட்டேன். இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. அவ்வளவுதான்... நான் பயந்தேன். இப்பவும் பயந்துக்கிட்டுத்தான் நிக்கிறேன். காலையில அந்தத் தலையணையைப் பார்த்ததும்... விடுங்க. அதையெல்லாம் போன்ல சொல்ல முடியாது... ம்... ம்... என்ன சத்தம் அது?... யாரு கத்துறாங்க?... பக்கத்து சீட்டு அம்மாவா? கண்டக்டரை நிறுத்தச் சொல்றாங்களா? அவங்க பாட்டுக்கா?... நீங்க எறங்குறேன்னு சொன்னீங்களா, அவங்களா சொன்னாங்களா?... சொன்னீங்க. சொன்னீங்கல்ல. சரி. கம்பியைப் புடிச்சு எறங்குங்க, ஊசிக் கையால புடிக்காதீங்க... அடுத்த கை... ஆங்.”

விசில் சத்தம் கேட்டது. இன்ஜின் இரைச்சல் விலகிப்போயிற்று. அதற்குப் பதிலாகக் காற்றும் எங்கேயோ ஒரு டிராக்டரும் கேட்டன. ஹமீதா கண்ணை மூடி, ஒரு நிமிஷம் உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்தாள். எழில்மொழி எழுந்துகொள்ளாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இன்னும் ஒரு பதில் வரவேண்டியிருந்தது.

“மச்சான், எதிர்ப்பக்கம் போயி நின்னுட்டீங்களா?... சரி. இப்ப ஒண்ணு கேக்குறேன். டாக்டரம்மா நீங்க சொல்றதைத்தான் நம்பணும்னு சொல்லிட்டோம். அவங்களும் சரின்னுட்டாங்க. அப்படின்னா நீங்களும் அவங்ககிட்ட நெசத்தைத்தானே சொல்லணும்?... பஸ் ஸ்டாண்டுல என்ன சாப்பிட்டீங்க?... மச்சான்... ஒரு டீ. பால் டீ. ம். டீ மட்டுமா?... வடை. எத்தனை?... ரெண்டு. சும்மாவா, சட்னியோடயா?... சாம்பார் ஊத்தியா! மேடம், டீ, ரெண்டு வடை, சாம்பார். பயந்து ஓடுற மனுஷன் சாம்பார் ஊத்தித் தின்னுட்டு ஓடியிருக்காரு.”

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டாள். சிரிப்பு பாதி, பெருமூச்சு பாதி. பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, இதை அவருக்குச் சரியாகப் புரியவைக்கவேண்டும் என்றாள்.

“கேளுங்க, இது வெளையாட்டு இல்ல. வயித்துல சோறு இருக்கறப்ப மயக்கம் குடுத்தா, அது மேல ஏறி மூச்சுக்குழாயில போயிடுமாம். ஆளுக எழுந்திரிக்காம போறதுக்கு அதுவும் ஒரு காரணமாம். இல்லைன்னு சொல்லிட்டு அப்படியே வந்து படுத்திருந்தீங்கன்னா... சரி, சொல்லிட்டீங்க. நல்லதுங்கறாங்க. இன்னைக்கு ஆபரேஷன் கிடையாது. நாளைக்குக் காலையில மொத ஆளு நீங்கதான்... பாருங்க, கொரல் எப்படித் தெளிஞ்சு போச்சு! ஒரு நாள் லாபமா?... என்ன? அப்ப வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வரவா? ஆங், வாங்க வாங்க, சக்கர நாற்காலியை பாபநாசத்துக்கே அனுப்பச் சொல்றேன்... கையில ஊசி இருக்கு மச்சான். மரியாதையா அடுத்த பஸ்ஸுல ஏறுங்க. நடுவுல எப்ப வலி வந்தாலும் நேரா இங்க வந்துடணும்னு டாக்டரம்மா சொல்றாங்க.”

எழில்மொழி ஹமீதாவின் தோளைத் தட்டிவிட்டு, அடுத்த நோயாளியைப் பார்க்கப் படியிறங்கிப் போனாள்.

“போயிட்டாங்க. தங்கமான பொண்ணு... பஸ் வருதா? ஏறியாச்சா?... சீட்டு கெடைச்சுதா?... நல்லது. சரி, வைக்கட்டுமா?... ஏன்?... பேச ஒண்ணும் இல்லையே மச்சான்... சும்மாவா? சும்மா புடிச்சுக்கிட்டு இருக்கவா?... சரி. வைக்கலை. நீங்க பேசாம இருங்க, நானும் பேசாம இருக்கேன்.”

அப்படியே இருந்தாள். காதில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவர் டிக்கெட் வாங்குவது கேட்டது. கொஞ்சத்தில் மழை பிடித்துக்கொண்டு, தகரத்தில் அடிக்கிற சத்தம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுபோலக் கேட்டது. அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கட்டிலின் விரிப்பை மாற்றினாள்; தலையணைகளை அடித்துச் சரிசெய்தாள். நடுநடுவே அவர் ஏதோ கேட்பார், அவள் ‘ம்’ என்பாள்.

“ம்... இல்ல, இன்னும் சாப்பிடலை... நீங்க சாப்பிடாம கெடக்கறப்ப நான் எப்படித் தின்னுறது? நீங்க வடை தின்னது எனக்கு முன்னாடியே தெரியாதே... எங்க எறங்கிட்டீங்க?... ஆட்டோவா? சரி... நனைஞ்சுட்டீங்களா?... மச்சான், நேர்ல வந்ததும் நான் திட்டுவேன். நல்லாத் திட்டுவேன், ரெத்தினம் அண்ணன் முன்னாடியே. அதுக்கு முன்னாடி போன்லயே ஒண்ணு சொல்லிடறேன். நேர்ல எனக்கு வராது... எறங்கி வந்தீங்கல்ல. அதான் மச்சான் தைரியம். வேற எதுவும் இல்ல... என்ன?... திரும்பிப் பாக்கவா?”

வராந்தாவின் கோடியில், லிப்ட் வாசலில், முழங்கால்வரை நனைந்த கைலியோடு மீரா உசேன் நின்றுகொண்டிருந்தார். போன் இன்னும் காதில் இருந்தது. இன்னொரு கையில், அவளுக்காக வாங்கிய இட்லிப் பொட்டலத்தை மழை படாமல் சட்டைக்குள் பாதி மறைத்துப் பிடித்திருந்தார். ‘ஹமீதா’ என்று அவர் வாய் அசைந்தது. அந்தச் சொல் வராந்தா வழியாக முதலில் வந்தது, போன் வழியாகக் காதுக்குள் அடுத்து வந்தது.

ஹமீதா போனை வைத்தாள்.